தண்ணீர் என்ன நிறம்?

அந்த ஆறு பேரும் பேருந்தைவிட்டு இறங்கியதும் அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மீன் கடைக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது டேம் மீனா, ஆத்து மீனாண்ணா?"

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த கூடையை இழுத்துக் காட்டினார். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பிடித்ததும் இங்கே விற்பனைக்கு வரும் என்பது ஒருநாள் பயணமாக வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தோன்றாது. அருவி, பரிசல், போட்டோ, வறுத்த மீன், மாலையில் வண்டி என்று அவர்கள் நேரம் ஓடிவிடும். இவர்கள் அப்படி வந்தவர்கள் இல்லை என்று எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே பட்டது.

நான் சமையல் கொட்டகை ஓரத்தில், நீர்மருது மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டமில்லாத நாள். ஆனி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மசாஜ் செய்கிறவர்கள் எண்ணெய்க் குப்பிகளை வரிசையாக வைத்துவிட்டு நிழலில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். துறையில் பரிசல்கள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றின் அடிப்பாகத்தில் ஒருவர் தார் காய்ச்சிப் பூசிக்கொண்டிருந்தார்.

ஒகேனக்கல்லில் சாப்பாட்டு முறையே தனி. மீனை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் கூலிக்குச் சமைத்துத் தருவார்கள். குளித்துவிட்டு வருவதற்குள் குழம்பு இறங்கியிருக்கும். அந்த ஆறு பேரும் மீனோடு வந்து நின்றது நான் உட்கார்ந்திருந்த கொட்டகையில்தான்.

"ஆயா, முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்குது கண்ணு, அது எங்க போவப் போவுது. எங்க உங்க யாரையும் ஆளையே காணோம்?"

"படிப்பு முடிஞ்சிருச்சு ஆயா. வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்கன்னு சொன்னேனே, கேக்கறீங்களா?"

ஆயா பதில் சொல்லாமல் மீனை வாங்கி அரிவாள்மனை முன் உட்கார்ந்தார். சாம்பலை அள்ளி மீன்மேல் தேய்த்தார். வாலிலிருந்து தலைப் பக்கமாக இழுக்க, செதில்கள் தெறித்து மண்ணில் ஒட்டின. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து எறிந்தார். மூன்று தண்ணீர் கழுவி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் புரட்டி, துண்டுகளைத் தட்டில் வரிசையாக வைத்தார். கையில் ஒரு அவசரமும் இல்லை. வேலை மட்டும் சட்டென்று முடிந்திருந்தது. கண்ணாடிக்காரி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் பேச்சில் இறங்கிவிட்டார்கள்.

பேச்சிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஆறு பேரும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். சான்றிதழ் வாங்குவதற்காக இப்போது திரும்ப வந்திருக்கிறார்கள். காகிதம் வாங்க ஒரு நாள் போதும். அடுத்த நாளையும் எடுத்துக்கொண்டு பேருந்தேறி இங்கே வந்துவிட்டார்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். கடைசிப் பகுதி முழுக்கக் காடு, மலைச்சரிவு. ஆயாவோடு அவர்களுக்குப் பழக்கம் இங்கே மட்டுமில்லை. ஒருமுறை தருமபுரி ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற ஆயாவை இந்தக் கண்ணாடிக்காரி அடையாளம் கண்டு கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறாள்.

அந்தக் கல்லூரி 2008இல் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் பக்கத்து மனிதர் பெரிய வைத்தியத்துக்குச் சேலத்துக்கோ பெங்களூருக்கோதான் ஓடவேண்டும். கல்லூரி வந்தது மாவட்டத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் படிக்க வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் தருமபுரியை நினைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புப் படித்திருப்பார்கள்? அப்போதெல்லாம் கலந்தாய்வில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மனதில் வைத்திருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக நிரம்பிவிடும். தங்கள் முறை வரும்போது இருப்பதில் ஒன்றைத் தொடுவார்கள். அப்படித் தொட்ட ஊரில் ஐந்தரை வருடம் இருக்கவேண்டும்.

"எங்க சித்தப்பா அன்னைக்கு என்ன சொன்னாருன்னு தெரியுமா? தண்ணியில்லாக் காட்டுக்குப் போறியேன்னாரு" என்றான் ஒரு உயரமான பையன்.

"டேய், அது எங்க ஊருக்குச் சொல்றதுடா" என்றான் பக்கத்தில் இருந்தவன். ராமநாதபுரத்துக்காரன். "தண்ணியில்லாக் காடுன்னா ராம்நாடுதான். அதையும் பங்கு போட வர்றீங்களா?"

சிரித்தார்கள். அதிகாரிகளை மிரட்டுவதற்கென்றே தமிழில் இருக்கும் அந்த வசனம் ராமநாதபுரத்துக்கும் தருமபுரிக்கும் மாறி மாறிப் பொருந்தி வந்ததுதான். அதை அவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பார்த்தால், கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிற காவிரி கண்ணெதிரே பாறைகளில் மோதி இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீர் ஓடுகிற மாவட்டத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்களும் வயல்களும் மேலே, மேட்டு நிலத்தில் இருக்கின்றன. மலை இடுக்குகளுக்குள் குதித்து ஓடும் ஆறு நேரே மேட்டூருக்குப் போய்விடுகிறது. மேலே இருப்பவர்கள் பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். மழை பொய்க்கப் பொய்க்க இன்னும் ஆழமாகப் போட்டார்கள். ஆழத்துப் பாறையில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரில் புளோரைடு கரைந்திருந்தது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்கள்.

ஆயாவின் மருமகள் அடுப்படியில் மீன் வறுக்க உட்கார்ந்தாள். பாலக்கோட்டுப் பக்கத்து ஊரில் பிறந்தவள். முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை. சிரிக்கும்போது கை தானாக முந்தானையைத் தேடி வாய்க்குப் போனது. அது பல காலத்துப் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த அடுப்பில் காரில் வந்த குடும்பம் ஒன்று தங்கள் மீனுக்காகக் காத்திருந்தது. அதில் ஒருவர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான், மருமகளைப் பார்த்துக் கேட்டார்:

"என்னம்மா, இந்த வயசிலேயே பாக்கு புகையிலையா? பல்லெல்லாம் இப்படிக் கறையாப் போச்சே."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டு துண்டைத் திருப்பிப் போட்டாள். அதுவும் பழக்கம்தான்.

"பாக்கு இல்லைங்க சார்." கண்ணாடிக்காரி குந்திய இடத்திலிருந்தே திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "தண்ணி. சின்ன வயசுல பல் உருவாகும்போது குடிச்ச தண்ணியில புளோரைடு கூட இருந்தா இப்படி ஆகும். அப்புறம் நல்ல தண்ணி குடிச்சாலும் போகாது. அவங்க வெத்தலை பாக்கைத் தொட்டதே கிடையாது."

அவர் "ஓ, அப்படியா" என்று சொல்லி, சற்றுச் சங்கடப்பட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்காரி மறுபடியும் அடுப்பின் பக்கம் திரும்பி ஊதுகுழலை எடுத்து ஊதினாள். முகம் சிவந்திருந்தது. நெருப்பினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் வேற்றூரிலிருந்து தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் படிக்க வந்தவன். படித்த ஊர்மேல் பாசம் எந்த நேரத்தில் வருகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஊரின் அழகைப் பார்த்து வருகிறது என்பார்கள். நண்பர்களால் வருகிறது, முதல் காதலால் வருகிறது என்பார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் ஊரின் குறையை வெளியாள் ஒருவர் சாதாரணமாகச் சொல்லும்போது, நமக்குச் சுருக்கென்று தைக்கிறதே, அதற்கு முன்பே ஊர் நமக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு இந்த மண்ணில் வீடு இல்லை, நிலம் இல்லை, உறவு இல்லை. இருந்தும் அவள் முகம் சிவந்தது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்கிறது. அதைத் தாண்டியதைக் குடித்து வளர்ந்தவர்கள் நல்கொண்டாவில் இருக்கிறார்கள், ராஜஸ்தானில் இருக்கிறார்கள், கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு நெடுக இருக்கிறார்கள். பல்லோடு நின்றால் பரவாயில்லை. வருடக்கணக்கில் போனால் எலும்பும் மூட்டும் இறுகும். குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. பாடப்புத்தகத்தில் சில வரிகளில் முடிந்துபோகிற இந்த விஷயம் தருமபுரியில் படிக்கிற பிள்ளைக்கு வெளிநோயாளிகள் வரிசையில் வந்து நிற்கிறது. வரிசையில் வருவதற்கு முன்பே பேருந்தில் பக்கத்து இருக்கையிலும், டீக்கடையில் மீதிச் சில்லறை கொடுக்கும் கையோடும் வந்துவிடுகிறது.

இந்தக் காவிரியையே மேட்டுக்கு ஏற்றிக் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் வெகுகாலம் கேட்டார்கள். 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது எல்லைக்கு அந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்பி இரு மாநிலத்திலும் பதற்றம் ஆனது பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானியக் கடனுதவியோடு ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2013இல் தண்ணீர் வந்தது. குழாய் கடைசித் தெரு வரைக்கும் ஒழுங்காக ஓடுகிறதா என்பது ஊருக்கு ஊர் கேட்கவேண்டிய கேள்வி. ஆனாலும் அந்தக் கொட்டகையிலேயே நடந்ததை நான் பார்த்தேன். ஆற்றங்கரையில் பிறந்து ஆற்றுத் தண்ணீரே குடித்த ஆயாவுக்கு, வெற்றிலைச் சிவப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பல்லில் பழுதில்லை. மேட்டு நிலத்தில் பிறந்த மருமகளுக்குக் காவிப் பட்டை. சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து போட்ட பேரனுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்; சிரித்தால் வெள்ளை வெளேர் என்று பல். அவன் வாயை மூடிக்கொண்டு சிரிக்கவில்லை.

வேற்றூரிலிருந்து வந்து இந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டவர்கள் வரிசை பழையது. ஊர் ஊராகப் போன ஔவை, தகடூர் என்று அன்று பெயர் கொண்ட இந்தத் தருமபுரியில் அதியமானிடம் வந்து தங்கி, அவன் கொடுத்த நெல்லிக்கனியை உண்டு, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள். புறநானூற்றில் அவள் பாடிய பாட்டுகளில் இந்த ஊர்ச் சொந்தம் தெரியும். வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய் பற்றிய உடம்போடு ஊர் ஊராக அலைந்தவர், பென்னாகரத்துக்கு அருகிலுள்ள பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து 1925 ஜூலை 23 அன்று அங்கேயே கண்மூடினார். அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது. பிறந்த மண் ஒன்று, சொந்தம் கொண்டாடுகிற மண் வேறொன்று என்று வாழ்ந்தவர்கள். பெயர் பெற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் இதை நாம் பெரிதாகப் பேசுகிறோம். மருத்துவக் கல்லூரி விடுதியைக் காலி செய்து பெட்டி கட்டுகிற பிள்ளைக்கும் நடப்பது அதே காரியம்தான்.

குழம்புக்குப் புளி கரைக்கும் நேரத்தில் கண்ணாடிக்காரி எழுந்து துறைக்குப் போனாள். பரிசல் ஓட்டி ஒருவர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் இறக்கினார். மூங்கில் பிளாச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னி, அடியில் விரிப்பைப் போர்த்தித் தார் பூசிய பரிசல். முன்பு எருமைத் தோல் போர்த்துவார்கள்.

"தண்ணி கலங்கியிருக்கே, எப்பலேர்ந்துண்ணா?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து. மேல குடகுல மழை புடிச்சிருச்சும்மா."

அவள் உடனே கைப்பேசியை எடுத்தாள். காற்றும் அருவி இரைச்சலும் அதிகம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். நான் கேட்கவேண்டும் என்று இல்லாமலே கேட்டது.

"அப்பா, ஒகேனக்கல்ல இருக்கேன்."

"தண்ணி என்ன நிறம்?" எடுத்த எடுப்பில் அப்பாவின் கேள்வி அது.

"செம்மண் நிறம். நேத்து ராத்திரியிலேர்ந்தாம்."

"ஐந்தருவிக்கிட்ட அந்த நடுப்பாறை தெரியுதா?"

"தெரியுது. பாதி தெரியுது."

"முங்கினா சொல்லு. சாப்பிட்டியா?"

மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரி கடலில் கலக்கிற பக்கம் அவர்கள் ஊர். கடைமடை. ஆழ்குழாய் போட்டால் உப்புத் தண்ணீர். ஆற்றில் வந்தால்தான் பயிர். டெல்டாவில் பிறந்த பிள்ளைகள் ஒகேனக்கல்லைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் சொல்லும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. இங்கிருந்து கொஞ்சம் மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தரவேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது கணக்குப் பார்க்கப்படும் இடம் அதுதான். அங்கே அளந்த தண்ணீர் இந்தப் பாறைகளில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, ஜூன் 12 என்கிற பழைய கணக்கில் திறந்தால், கல்லணைக்குப் போக மூன்று நாளாகும். கடைமடைக்கு எட்ட அதற்கும் மேலே பல நாள். அந்தத் தண்ணீருக்காகத்தான் அவள் அப்பா வாய்க்கால் மதகருகே நின்றிருப்பார்.

மகள் ஆற்றின் ஒரு முனையில் பிறந்து, ஆறு தமிழ்நாட்டுக்குள் வருகிற இன்னொரு முனையில் படிக்க வந்தாள். வந்தபிறகு அப்பாவுக்குச் செய்தி வாசிப்பவர் தேவைப்படவில்லை. முதல் வருடம் அவர் கேட்டதற்கு அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எந்தப் பாறை, எந்த நிறம், சின்னாறு தனியாகக் கலங்கி வருகிறதா, காவிரியே கலங்கி வருகிறதா என்று பார்க்க அப்பாதான் கைப்பேசியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார். ஒகேனக்கல்லுக்கு ஒருமுறைகூட வராதவர் அவர். 2018லும் 2024லும் நீர்வரத்து லட்சம் கன அடியைத் தாண்டியபோது இங்கே அருவி என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை. பாறை, பாதை எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளமாக ஓடியது. பரிசல் இல்லை, குளியல் இல்லை, ஆயா போன்றவர்களுக்கு அடுப்பு எரியவில்லை. அதே வெள்ளம் கடைமடையில் சந்தோஷச் செய்தி. இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள இந்தப் பெண்ணுக்கு இப்போது முடிகிறது. ஆயாவிடம் "தண்ணி கூடினா கடை போடுவீங்களா?" என்று அவள் திரும்பி வந்ததும் கேட்டதில் அது இருந்தது.

"கூடினா போலீஸு விடாது. வூட்லதான் கெடக்கணும்" என்றார் ஆயா.

பரிசலில் மற்ற ஐந்து பேரும் போய்வந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியபடி, "சுத்தி விடுங்கண்ணான்னு கேட்டோம், தலை கிறுகிறுத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்து இலை முன் உட்கார்ந்தார்கள். சோறு, குழம்பு, வறுவல். ராமநாதபுரத்துப் பையன் முதல் வாயிலேயே "இந்தக் காரம் எங்க ஊர்ல வராது ஆயா" என்றான். அவன் ஊருக்கும் திருச்சிக்கருகே எடுத்த காவிரித் தண்ணீர்தான் குழாயில் போகிறது. கடைமடைக்காரி, ராமநாதபுரத்துக்காரன், ஆயாவின் பேரன் மூவரும் ஒரே ஆற்றைக் குடிப்பவர்கள் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சு வேலைக்குத் திரும்பியது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு, பிறகு கலந்தாய்வு. யார் எந்த ஊர் கேட்பது என்ற வாதம். ஒருவன் சென்னை. ஒருத்தி, கல்யாணம் பேசி முடித்த இடத்துக்குப் பக்கத்தில். உயரமானவன் மேற்படிப்புக்குப் படிக்கப்போகிறானாம்.

"நான் ஏரியூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல எடம் இருந்தா எடுத்துக்குவேன்" என்றாள் கண்ணாடிக்காரி.

இலையில் கைகள் நின்றன. "உனக்குப் பைத்தியமா? இங்கேர்ந்து உங்க ஊருக்கு ஒரு ராத்திரி பஸ் பிரயாணம்" என்றான் உயரமானவன்.

"அதனால?"

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அவர்?"

"தண்ணி நெலவரம் சொல்ல ஆளு வேணும்தானே, இருன்னுட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். முந்தானை கொஞ்சம் தாமதமாகத்தான் வாய்க்குப் போனது. ஆயா மட்டும் சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியை இன்னொரு முறை இலைகளின் மேல் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டே, கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏரியூரு எனக்குச் சுத்து கண்ணு. பென்னாகரம் ஆஸ்பத்திரியக் கேளு. எனக்கு ஒரே பஸ்ஸு."